ரீச்சரிடம் கேளுங்கள்: ஆச்சியின் எண்ணெய்ப் போத்தல்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து மேசையில் அடுக்கினால், முக்கால்வாசி ஊர் விட்டுத் திருகோணமலைக்கு வேலைக்கோ தொண்டுக்கோ வந்தவர்கள் எழுதியவை, மிச்சம் அவர்களுடைய அம்மாமார் எழுதியவை. சீனி, பிரஷர், மருமகள் பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், கோபிக்க வேண்டாம். முதல் கடிதம் நீளமானது. பதிலும் நீளமாகத்தான் வரும்.

கேள்வி: அன்புள்ள டீச்சர், நான் ஹட்டன் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். வயது 26. தாதியர் பயிற்சி முடித்து முதல் நியமனத்தில் திருகோணமலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. எங்கள் லயத்திலிருந்து நேர்ஸாகப் போகிற முதல் பிள்ளை என்று மாரியம்மன் கோவிலில் பூசை வைத்து, மாலை போட்டு அனுப்பினார்கள். “சேவை செய்யப் போற பிள்ளை” என்று பூசாரி சொன்னார். நானும் அப்படி நினைத்துத்தான் பஸ் ஏறினேன். இப்போது டியூட்டி, அறை, தூக்கம், திரும்ப டியூட்டி. வெயில் தாங்க முடியவில்லை. மனம் விட்டுப் பேச ஆளில்லை. நான் வாயைத் திறந்தாலே “நீங்க எந்த ஊர்?” என்கிறார்கள். சாமி கும்பிடவும் வரவில்லை. கோணேஸ்வரத்துக்கு மூன்று தடவை போய், கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன், உள்ளே ஒன்றும் அசையவில்லை. போன வாரம் நைட் முடிந்து கிளம்பும்போது மூதூரிலிருந்து வந்திருந்த ஒரு வயதான உம்மா “மிஸ்ஸி, நாளைக்கும் நீங்கதானே?” என்று கேட்டார். இல்லை, எனக்கு லீவு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என் சேவை அவ்வளவுதான். ஆண்டவன் என்னை எதற்கு இங்கே கொண்டுவந்தான்? இடமாற்றத்துக்கு எழுதிப் போடட்டுமா?
பெயர் வேண்டாம், திருகோணமலை நகரம்

பதில்: பிள்ளை, கடைசிக் கேள்விக்கு முதலில். எழுதிப் போடுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் வேலை செய்ய ஆசைப்படுவதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் இடமாற்றம் கேட்ட மறுநாளே கிடைப்பதில்லை என்று உங்களுக்கும் தெரியும், அதுவரைக்கும் இங்கேதான் சாப்பிட்டு இங்கேதான் தூங்கியாக வேண்டும், அதனால் மற்றதையும் கதைப்போம்.

ஆண்டவன் எதற்குக் கொண்டுவந்தான் என்று எனக்குத் தெரியாது. என்னுடைய நியமனக் கடிதத்தில் அவருடைய கையெழுத்து இருக்கவில்லை. ஒரு கல்விப் பணிப்பாளரின் கையெழுத்தும் பாதி அழிந்த ஒரு ரப்பர் முத்திரையும்தான் இருந்தன. நான் வடமராட்சியிலிருந்து வந்தவள், அப்போது வயது 24, கணிதம் படிப்பிக்க வந்தேன், ஓர்ஸ் ஹில் பக்கம் ஒரு வீட்டில் போர்டிங். காலையும் மாலையும் தேவாரம் பாடுகிற வீட்டில் வளர்ந்தவள், இங்கே வந்து மூன்றாம் மாதம் பார்த்தால் திருநீற்றுப் பெட்டியைத் திறந்தே இருக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை. கேட்க ஆளில்லாமல் போனதும் பழக்கம் தானாக நின்றுவிட்டது. அப்போது எனக்கும் உங்களுடைய கேள்விதான், அதைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவேன், திரும்பத் தூக்கிக்கொண்டு வருவேன்.

அந்த வீட்டு ஆச்சிக்கு முழங்கால் போய்விட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் பத்திரகாளி அம்மன் கோவிலுக்கு விளக்கெண்ணெய் கொண்டுபோகிறவ, படி இறங்க ஏலாமல் போனதும் என்னைப் பிடித்தா. “பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒருக்கா இதைக் குடுத்திட்டு வாறியே.” கையில் தந்தது ஒரு சாராயப் போத்தல். ஆச்சியின் புருஷன் விட்டுப்போன ஒரே சொத்து அதுதான் என்று அவவே சொல்லிச் சிரிப்பா. லேபலைச் சுரண்டியிருந்தாலும் போத்தலைப் பார்த்தால் ஊருக்கே தெரியும். புதுசாக வந்த ரீச்சர், வெள்ளிக்கிழமை பின்னேரம், நடுத் தெருவில் சாராயப் போத்தலோடு நடந்து போகிறா. என்னுடைய ஆன்மீகப் பயணம் ஆரம்பித்த லட்சணம் இது.

முதல் வாரம் எண்ணெயைக் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பி வந்தேன். ஆச்சி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தா. “இண்டைக்கு அம்மனுக்கு என்ன நிறச் சீலை?” நான் பார்க்கவே இல்லை. சிவப்பு என்று சொல்லிவிட்டேன், அம்மனுக்குச் சிவப்பு என்று சொன்னால் பிழைக்காது என்று ஒரு கணக்கு. பிழைத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி எனக்கு முன்னாலேயே வந்து பச்சை என்று சொல்லியிருக்கிறா. ஆச்சி ஏசவில்லை. “அடுத்த முறை பார்த்திட்டு வா, நான் பார்க்க ஏலாதெல்லே” என்று மட்டும் சொன்னா. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் பார்த்தேன். சீலை என்ன நிறம், மாலை என்ன பூ, இடப்பக்கத்து விளக்கு எரிகிறதா அல்லது புகைகிறதா, யார் யார் வந்திருந்தார்கள், ஐயருக்கு இருமல் சுகமா. பக்தி என்று அதைச் சொல்ல மாட்டேன், ஆச்சிக்கு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும், அதனால் பார்த்தேன். எட்டாவது ஒன்பதாவது மாதத்தில் கோவில் வாசலில் பூ விற்கிறவ நான் வரும்போதே “ஆச்சிக்கு எப்பிடி?” என்று கேட்கத் தொடங்கினா. அந்தக் கேள்வியோடுதான் எனக்கு இந்த ஊர் என்று ஒன்று இருக்கத் தொடங்கியது.

மூன்றாம் வருடம் ஆச்சி செத்துப்போனா. காரியமெல்லாம் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, யாரும் சொல்லாமலே போத்தலில் எண்ணெயை நிரப்பிக்கொண்டு போயிருக்கிறேன். அம்மனுக்கு மஞ்சள் சீலை. அதைப் போய்ச் சொல்ல ஆளில்லை என்று நின்ற இடத்தில்தான் உறைத்தது. அப்போது முதல் தடவையாக நானாக வாய் திறந்து அம்மனிடம் ஒன்று சொன்னேன், ஆச்சி இனி வரமாட்டா என்று. அதற்கு முன்னால் எனக்கு நம்பிக்கை இருந்ததா, பிறகுதான் வந்ததா என்று கேட்டால் தெரியாது. எண்ணெய் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது, இப்போது எனக்கும் முழங்கால் சரியில்லை, தெருவிலுள்ள ஒரு பெடியன் கொண்டுபோகிறான். அவனும் முதல் வாரம் பொய்தான் சொன்னான்.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருவோம். நீங்கள் “அவ்வளவுதான்” என்று முடித்துவிட்ட இடத்தை நான் மூன்று தரம் வாசித்தேன். மூதூரிலிருந்து ஒரு கிழவி நகரத்து ஆஸ்பத்திரிக்கு வந்து கிடப்பது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் அவருடைய ஊர். 2009-ல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை தரையால் வருகிறவர்கள் மிதவைப் பாதைக்குக் காத்து நிற்க வேண்டும், இல்லையென்றால் லோஞ்ச். இப்போது ரோட்டு நல்லது, என்றாலும் பின்னேரம் பார்க்க வந்த மகன் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிப்போகிறான். அதற்குப் பிறகு விடிய விடிய அந்த உம்மாவுக்குத் தெரிந்த முகம் வார்ட்டில் ஒன்றே ஒன்றுதான். “நாளைக்கும் நீங்கதானே?” என்று கேட்டது உபசாரத்துக்கு இல்லை, அடுத்த இரவை எப்படிக் கடத்துவது என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார், அந்தக் கணக்கில் உங்களை வைத்திருக்கிறார். எட்டு மாதத்தில் கதைக்க ஆளில்லை என்று எழுதுகிற உங்களை, ஒருவர் நாளைக்கு எதிர்பார்த்தார்.

லீவு எடுத்ததைக் குற்றமாகச் சொல்கிறேன் என்று எடுக்க வேண்டாம். லீவு கட்டாயம் எடுங்கள், தூங்காத நேர்ஸ் யாருக்கும் உதவ மாட்டா. ஆனால் அடுத்த முறை யாராவது அப்படிக் கேட்டால் இன்னும் ஒரு நிமிடம் நின்று, நாளைக்கு வருகிற மிஸ்ஸியின் பெயரைச் சொல்லி, “அவவிட்டச் சொல்லிட்டுத்தான் போறேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடி சொல்லியும் விடுங்கள். உங்கள் பூசாரி சொன்ன சேவை என்பது இந்த அளவுக்குச் சின்னதாகத்தான் வரும், மாலை போட்டு அனுப்பும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

கோணேஸ்வரத்தில் ஒன்றும் அசையவில்லை என்பதற்காகவும் கவலைப்படாதீர்கள். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் இந்தக் கோணமாமலைக்குப் பதிகம் பாடியவர், ஆனால் இங்கே வந்து பாடவில்லை, இராமேஸ்வரத்தில் நின்று பாடினார் என்றுதான் பெரியபுராணம் சொல்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் நின்றவருக்குப் பதிகம் வந்தது, மலை உச்சியிலேயே நின்ற உங்களுக்குக் கடல் மட்டும் தெரிந்தது. அப்படியும் நடக்கும். இன்னொன்று, அந்தக் கோவிலைப் போர்த்துக்கேயர் இடித்து அதே கல்லில் கோட்டை கட்டிய பிறகு, விக்கிரகங்கள் பல மண்ணுக்குள்ளேயே கிடந்தன. 1950-ல் நகரசபை கிணறு வெட்டப்போய்த்தான் சில வெளியே வந்தன, இப்போது நீங்கள் பார்க்கிற கோவில் 1963-ல் எழும்பியது. முன்னூறு வருடத்துக்கு மேல் பூசை இல்லாமல் கிடந்த சாமி, நீங்கள் எட்டு மாதம் கும்பிடாததற்குக் கோபிக்கிறதாக எனக்குத் தோன்றவில்லை. கிணறு வெட்டினவர்களும் தண்ணீர் தேடித்தான் வெட்டினார்கள், சாமி தேடி இல்லை.

அதனால் உங்களுக்கு என்ன வேண்டும் என்று தேடுவதைக் கொஞ்ச நாள் விடுங்கள். வேறு யாருக்காவது எண்ணெய் தூக்குங்கள். ஆளையும் நானே சொல்கிறேன், உங்கள் அம்மா. தோட்டத்திலிருந்து திருகோணமலைக்கு அவர் எத்தனை தடவை வந்துவிடப் போகிறார்? வெள்ளிக்கிழமை பத்திரகாளியிடம் போய்ப் பார்த்துவிட்டு, அம்மாவுக்குப் போன் எடுத்து இன்றைக்கு இங்கே அம்மனுக்கு என்ன நிறச் சேலை என்று சொல்லுங்கள். அங்கே மாரியம்மனுக்கு என்ன நிறம் என்று அவரிடம் கேளுங்கள். கும்பிடத் தோன்றினால் கும்பிடுங்கள், தோன்றாவிட்டால் பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் பொய் சொல்லக்கூடாது, அது ஒன்றுதான் விதி.

“நீங்க எந்த ஊர்?” என்பதற்கும் ஒரு வார்த்தை. அது உங்கள் மலைநாட்டுப் பேச்சைக் குறை சொல்லும் கேள்வி என்று நினைக்காதீர்கள் (சிலர் அப்படியும் கேட்பார்கள், அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை). துறைமுகம், நேவி, கந்தோர், பள்ளிக்கூடம் என்று வெளியூர்க்காரர் வந்து நிரம்பிய நகரம் இது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் நின்று மீன் விலை பேசுகிற இடம், இங்கே எல்லோரையும் எல்லோரும் எந்த ஊர் என்று கேட்பார்கள், என்னை இன்னமும் கேட்கிறார்கள். ஹட்டன் என்று நிமிர்ந்து சொல்லிப் பாருங்கள், அடுத்த கேள்வி நல்ல தேயிலை கொண்டுவர முடியுமா என்பதாகத்தான் இருக்கும். கொண்டுவந்து கொடுங்கள். அதைவிடச் சுலபமாக இந்த ஊரில் சிநேகம் பிடிக்க வழி இல்லை.

வெயிலுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நானும் இந்த ஊரைச் சபித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஐப்பசியில் மழை பிடிக்கும், பிறகு நீங்களே போதும் என்பீர்கள்.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுப்போய், எதிலும் மனம் போகாமல், விடிந்தாலே பயமாக இருந்தால், அது கோவிலும் என்னுடைய கதையும் தீர்க்கிற விஷயம் இல்லை. நேர்ஸ் என்பதால் மற்றவருக்குச் சொல்வதை உங்களுக்கும் சொல்லுங்கள், டொக்டரைப் பாருங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குத் தமிழிலும் எடுத்துக் கதைக்கலாம்.

கேள்வி: என் மகன் திருகோணமலையில் ஒரு கந்தோரில் அபிவிருத்தி உத்தியோகத்தர், வயது 28. ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறான் என்று அவனோடு வேலை செய்கிற பிள்ளை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நாங்கள் பரம்பரையாக முருகனைக் கும்பிடுகிற ஆட்கள். கேட்டால் “அங்க எனக்கு நிம்மதி” என்கிறான். எப்படித் தடுப்பது?
ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: அம்மா, முதலில் அவனிடம் வேறொரு கேள்வி கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கே சாப்பிடுகிறாய்?

நான் இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. வெளியூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற ஒரு பெடியனுக்கு மற்ற ஆறு நாளும் கந்தோரில் ஓடிவிடும், ஞாயிறுதான் கொல்லும். சாப்பாட்டுக் கடையும் பாதி பூட்டு. அந்த நேரம் ஒரு கூட்டத்துக்குள் போனால் நாலு பேர் கையைப் பிடித்துப் பெயர் கேட்டு, போன வாரம் ஏன் வரவில்லை என்று விசாரித்து, சோறும் போட்டு அனுப்புகிறார்கள். நிம்மதி என்று அவன் சொல்வதில் இதுவும் இருக்கும். அவன் உண்மையாகவே நம்பிக்கையோடும் போகலாம், அதை நீங்களும் நானும் இங்கிருந்து அளக்க முடியாது. ஆனால் நம்முடைய கோவிலில் நாங்கள் என்ன செய்கிறோம்? அர்ச்சனைத் துண்டை எடுத்து, நட்சத்திரத்தைச் சொல்லி, திருநீற்றைப் பூசிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். பக்கத்தில் தனியாக நிற்கிற புதுப் பிள்ளையிடம் எங்கே தங்கியிருக்கிறாய் தம்பி, சாப்பிட்டாயா என்று இத்தனை வருடத்தில் நான் எத்தனை பேரைக் கேட்டிருப்பேன்? விரல் விட்டு எண்ணலாம். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

தடுக்க வேண்டும் என்று வெளிக்கிட்டால் 28 வயதுக்காரன் உங்களிடம் சொல்வதை நிறுத்துவான், போவதை நிறுத்த மாட்டான். நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வரும்போது அவனுக்குப் பிடித்த கறியைக் காய்ச்சிக் கொண்டுவாருங்கள். அந்த ஆட்களையும் நேரில் பாருங்கள், பார்த்தால்தான் யார் எவர் என்று விளங்கும். கத்தோலிக்கமும் மெதடிஸ்த சபையும் இந்தக் கிழக்கில் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியவை, எல்லோரையும் ஆள் பிடிக்கிறவர்கள் என்று ஒரே வாளியில் போட்டு அள்ள வேண்டாம். அதேநேரம் அம்மாவோடு கதைக்காதே, வீட்டுக்குப் போகாதே, சம்பளத்தில் இவ்வளவு கட்டாயம் தா என்று யாராவது சொல்கிறார்களா என்று மகனிடம் நேராகக் கேளுங்கள். அப்படி இருந்தால் அது எந்தச் சாமியின் பெயரில் நடந்தாலும் பிழைதான், சத்தம் போட உங்களுக்கு உரிமை உண்டு. இல்லையென்றால் வெருகல் முருகனின் கொடியேற்றத்துக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், வற்புறுத்தாமல். வருவான் என்றுதான் நினைக்கிறேன், அம்மா சமைத்துக் கொண்டுவந்த பிறகு.

கேள்வி: நான் மன்னார். பட்டப்படிப்பு முடித்து, எங்கள் பங்கின் ஏற்பாட்டில் ஒரு வருடத் தொண்டராகத் திருகோணமலைக்கு வந்திருக்கிறேன். நகரத்துக்கு வடக்கே ஒரு மீன்பிடிக் கிராமத்தில் பின்னேர வகுப்பு எடுக்கிறேன். முதல் மாதம் 22 பிள்ளைகள், இப்போது 5 பேர். செபிக்கும்போதுகூட இந்த 5 என்ற எண்தான் ஞாபகம் வருகிறது. ஒரு வருடத்தில் நான் என்னதான் செய்துவிட முடியும்?
தொண்டர், வயது 23

பதில்: தம்பி, வகுப்பு எத்தனை மணிக்கு? அதை எழுதவில்லையே. கரைவலை இழுக்கிற ஊரென்றால் வலை கரைக்கு வருகிற நேரம் பிள்ளைகள் உங்களிடம் வர மாட்டார்கள், வரவும் கூடாது, அந்த நேரத்தில் கடற்கரையில் நிற்கிற பிள்ளைக்குக் கறிக்கு நாலு மீனாவது கிடைக்கும். சித்திரைக்குப் பிறகு கடல் அடங்கியிருக்கிற மாதங்களில் ஊரே கரையில்தான். நீங்கள் வகுப்பறையில் இருந்து எண்ணிக்கொண்டிருக்காமல், ஒரு கிழமை கடற்கரைக்குப் போய் வலைக் கயிற்றை நீங்களும் பிடித்து இழுங்கள். கை கொப்பளிக்கும், அது பரவாயில்லை. எந்த நேரம் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள் என்று தாய்மாரைக் கேட்டு, அந்த நேரத்துக்கு வகுப்பை மாற்றுங்கள். நான் முதல் வருடம் படிப்பித்தபோது வெள்ளிக்கிழமை பாதி வகுப்பு காலியாக இருக்கும், ஏன் என்று விசாரிக்காமல் ஆறு மாதம் பிள்ளைகளை ஏசிக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சந்தை, தாய்மார் வியாபாரத்துக்குப் போவார்கள், மூத்த பிள்ளைகள் வீட்டில் கைக்குழந்தை பார்ப்பார்கள். விசாரித்திருந்தால் ஒரு நாளில் தெரிந்திருக்கும்.

ஒரு வருடம் போதுமா என்பதற்கு, பக்கத்து ஊர்க் கதை ஒன்று. 1814-ல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த போதகர் மட்டக்களப்புக்கு வந்தார். கூடப் புறப்பட்ட மனைவி கப்பலிலேயே இறந்துபோனா. தனி ஆளாக வந்திறங்கி, பாஷை படித்து, பள்ளிக்கூடம் தொடங்கினார். 1815 ஏப்ரலில் அவரும் செத்துப்போனார். மட்டக்களப்பில் அவர் இருந்தது ஏறக்குறைய எட்டு மாதம். மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றைக்கும் 1814 என்று எழுதிக்கொண்டு அங்கே நிற்கிறது. உங்களுக்குச் சாகச் சொல்லி இதை எழுதவில்லை, நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நுளம்பு வலை கட்டுங்கள். நான் சொல்ல வந்தது, அவர் போன பிறகும் அதை எடுத்து நடத்த ஆட்கள் வந்தார்கள், அதனால்தான் நிற்கிறது. உங்களுடைய வகுப்பை அடுத்த வருடம் யார் நடத்தப் போகிறார்கள்? அந்தக் கிராமத்திலேயே சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற ஒரு அக்காவைப் பிடித்து, இப்போதே பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்குங்கள். இருக்கிற 5 பேரில் ஒருவருடைய அக்காவாகவே இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். செபத்தில் 5 என்ற எண் வந்தால் அந்த ஐந்து பெயரையும் சொல்லிவிடுங்கள், எண் போய்விடும்.

கேள்வி: ஊர் சம்மாந்துறை, வேலை திருகோணமலையில். நல்ல சம்பளம். ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம், இந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு முழுநேரமாக மக்கள் சேவைக்குப் போக வேண்டும் என்று தோன்றுகிறது. வாப்பாவின் கடன் இருக்கிறது, இரண்டு தங்கச்சிமார் படிக்கிறார்கள். என்ன சொல்கிறீர்கள்?
ஒரு பொறியியலாளர்

பதில்: விடாதீர்கள். கிண்ணியாவில் என்னோடு படிப்பித்த ஒரு மௌலவி இருந்தார், சம்பள நாளில் வீட்டுக்குச் சாமான் வாங்கிக்கொண்டு போகும்போது “ரீச்சர், இதுவும் சதக்காதான்” என்பார். குடும்பத்துக்குச் செலவழிப்பதும் தர்மக் கணக்கில் சேரும் என்று உங்கள் மார்க்கமே சொல்கிறது, நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடனையும் தங்கச்சிமாரையும் வாப்பாவின் தலையில் வைத்துவிட்டுப் போய் வேறு யாருக்குச் சேவை செய்யப் போகிறீர்கள்? சனிக்கிழமை பாதி நாள் கொடுங்கள், போதும். உயர்தரக் கணிதம் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆளில்லாத இடம் இந்த மாவட்டத்தில் தேடாமலே கிடைக்கும். கடன் முடிந்ததும் திரும்ப எழுதுங்கள், அப்போது வேறு பதில் சொன்னாலும் சொல்வேன்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வங்கி வேலைக்கு வந்திருக்கிறேன். சனி, ஞாயிறு என்றால் அறையில் போன்தான். நிலாவெளியில் குளித்தாயிற்று, கோணேசரைக் கும்பிட்டாயிற்று. வேறு எங்கே போகலாம்?

பதில்: கன்னியா. ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு, தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் உண்டாக்கினான் என்று கதை. விடியப் போங்கள், கூட்டம் குறைவு. ஒரு நாள் தம்பலகாமம் போய் ஆதிகோணநாயகரைக் கும்பிட்டுவிட்டு வயல் வரம்பில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள், நெல்லுக் கதிர் முற்றியிருக்கிற நேரமென்றால் இன்னும் வடிவு.

இன்னொரு இடம் உண்டு, யாரும் சொல்ல மாட்டார்கள். நிலாவெளி ரோட்டில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து மயானம். 1942 ஏப்ரல் 9-ல் ஜப்பானிய விமானங்கள் வந்து இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன, சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்தது என்று எங்கள் ஆச்சி சொல்லுவா. மயானத்தில் புல்லு வெட்டி, கல்லுக் கழுவி, வடிவாக வைத்திருக்கிறார்கள். கல்லில் பெயரோடு வயதும் இருக்கும், இருபதுகளில் உள்ள பிள்ளைகள் அதிகம். எங்கேயோ பிறந்து, யாரோ கையெழுத்துப் போட்டு அனுப்பி, இந்த ஊருக்கு வந்தவர்கள். போனை அணைத்து வைத்துவிட்டு இரண்டு வரிசை நடந்து வாசியுங்கள். எனக்கு அங்கே போனால் பெரிய தத்துவம் ஒன்றும் தோன்றுவதில்லை, வீட்டுக்கு ஒரு கோல் எடுக்க வேண்டும் என்று மட்டும் தோன்றும்.

கேள்வி: ஊருக்குப் புதிது. கோட்டைக்குப் பக்கத்தில் நிற்கிற மான்களுக்குப் பாண் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அதற்குப் பாண் சாப்பாடு இல்லை, சுற்றிவந்த பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிவிடும். பாவம் பார்த்து நீங்கள் கொடுக்காவிட்டாலும் அதுகள் பட்டினி கிடக்காது, போன வாரம் என்னுடைய செவ்வரத்தையை ஒன்று அடியோடு மேய்ந்துவிட்டுப் போயிருக்கிறது. எண்ணெய் கொண்டுபோகிற பெடியன் கேற்றைச் சாத்தாமல் போய்விட்டான்.